டிஸ்டெம்பர் முதல் ஆயில் கலர் வரை: பெயின்ட் வகைகள் எங்கே வேறுபடுகின்றன?

வீட்டுக்கு வண்ணம் பூசக் கடைக்குப் போனால் டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல், சிமென்ட் பெயின்ட் என்று நாலைந்து பெயர்கள் காதில் விழுகின்றன. பிள்ளையின் ஓவிய வகுப்புக்கு வாங்கப் போனால் வாட்டர் கலர், போஸ்டர் கலர், அக்ரிலிக், ஆயில் கலர் என்று வேறொரு பட்டியல். சுவருக்கான எமல்ஷன் டப்பாவிலும் 'அக்ரிலிக்' என்று அச்சிட்டிருக்கிறது, ஓவியருக்கான சின்ன டியூபிலும் அதே சொல் இருக்கிறது. விலையோ பல மடங்கு வேறுபடுகிறது.

இந்தக் குழப்பத்தில் பெரும்பாலானோர் கடைசியில் வண்ண அட்டையைப் பார்த்து நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். வகையைக் கடைக்காரரோ பெயின்டரோ முடிவு செய்கிறார். இரண்டு மழைக்காலம் போனதும் சுவர் பொரிந்து உரியும்போது பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் பெயின்டில் குறை இருக்காது, அதை அடித்த இடம்தான் தவறாக இருக்கும். ஒரு பெயின்ட் எங்கே நிற்கும், எங்கே உரியும், எதன் மேல் ஒட்டும் என்பதெல்லாம் அதிலுள்ள பசை எது, அந்தப் பசை எப்படி இறுகுகிறது என்பதைப் பொறுத்தது. அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் விளங்கும்.

டப்பாவுக்குள் இருப்பவை

எந்தப் பெயின்டிலும் இருப்பவை நான்கு.

1. நிறமி. நிறம் தரும் நுண்ணிய தூள். காவியில் இருப்பது இரும்பு ஆக்சைடு. இன்றைய வெள்ளைப் பெயின்டுகளில் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடு. வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் போடும் நீலத் தூள் அல்ட்ராமரின். நிறமி நீரிலோ எண்ணெயிலோ கரையாமல் துகளாகவே இருக்கும், கரைந்துவிடுவது சாயம்.

2. பசை. நிறமித் துகள்களை ஒன்றோடொன்றும், பூசிய பரப்போடும் சேர்த்துப் பிடித்திருப்பது. பாடநூல்களில் பிணைப்பான், கடையில் பைண்டர். மரப்பிசின், ஆளிவிதை எண்ணெய், அக்ரிலிக் பிளாஸ்டிக், சுண்ணாம்பு எல்லாமே இந்த வேலையைச் செய்யும் பொருள்கள்தாம்.

3. நீர்மம். கலவையைத் தூரிகையில் எடுக்கும் பதத்துக்குக் கொண்டுவரும் தண்ணீர் அல்லது டர்பன்டைன். காய்ந்ததும் இது போய்விடும். பெயின்ட் வாடை என்று நாம் உணர்வது பெரும்பாலும் இது ஆவியாகி வருவதைத்தான்.

4. நிரப்பியும் பிற சேர்மானங்களும். சுண்ணாம்புக்கல் மாவு, மாக்கல் மாவு, வெண்களிமண் போன்றவை நிரப்பிகள். கன அளவைக் கூட்டும், பளபளப்பைக் குறைக்கும், விலையையும் குறைக்கும். இவற்றுடன் பூஞ்சைக்கொல்லி, நுரை அடக்கி, உலர்த்தி போன்றவை சிறிதளவு சேரும்.

ஒரே அல்ட்ராமரினைப் பிசினில் குழைத்தால் வாட்டர் கலர், ஆளிவிதை எண்ணெயில் அரைத்தால் ஆயில் கலர், அக்ரிலிக்கில் கலந்தால் அக்ரிலிக் கலர். நிறமி மாறவில்லை, பசைதான் மாறியிருக்கிறது.

நிறமியும் நிரப்பியும் ஒரு பக்கம், பசை மறுபக்கம் என்று வைத்தால், அவற்றின் விகிதம் பளபளப்பைத் தீர்மானிக்கிறது. பசை தாராளமாக இருந்தால் துகள்கள் முழுவதும் மூழ்கி, மேற்பரப்பு வழவழப்பாகிறது, இது எனாமல். பசை குறைந்தால் துகள்கள் மேலே துருத்தி நிற்க, ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது, இதுதான் மேட். பசை இன்னும் குறைந்தால், சாய்ந்து நின்றவர் சட்டையில் வெள்ளை ஒட்டும். மேட் சுவரில் கறை படிந்தால் துடைக்க வராது என்ற அன்றாடக் குறைக்கும் காரணம் இந்த விகிதம்தான்.

இறுகும் வழிகள்

பெயின்ட் 'காய்கிறது' என்று ஒரே சொல்லால் சொன்னாலும், உள்ளே நடப்பது வகைக்கு வகை வேறு.

1. நீர் போய்ப் பசை மிஞ்சுவது. வாட்டர் கலர், போஸ்டர் கலர், பழைய பாணித் தூள் டிஸ்டெம்பர் ஆகியவற்றில் வேதிமாற்றம் எதுவும் இல்லை. தண்ணீர் ஆவியாகிறது, பிசின் இறுகுகிறது. மறுபடி தண்ணீர் பட்டால் மறுபடி இளகும். வாரக்கணக்கில் காய்ந்து கிடந்த வாட்டர் கலர் கட்டியை ஈரத் தூரிகையால் தொட்டால் நிறம் வருவது இதனால்தான்.

2. துகள்கள் குழைந்து இணைவது. எமல்ஷனிலும் ஓவியரின் அக்ரிலிக்கிலும் பசை கரைந்த நிலையில் இருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் வற்ற வற்ற உருண்டைகள் நெருங்குகின்றன. குழைந்த சோற்றுப் பருக்கைகளை அழுத்தினால் ஒரே உருண்டையாவதைப்போல, ஒன்றோடொன்று அழுந்தி ஒரே படலமாகின்றன. அதன்பின் தண்ணீர் ஊற்றினாலும் பிரியாது. தூரிகையைக் கழுவ மறந்தால் மறுநாள் அது கட்டையாகிப் போவதும் இந்த மாற்றத்தால்தான்.

3. ஆக்சிஜனை ஏற்று இறுகுவது. ஆயில் கலரிலும் எனாமலிலும் உள்ள எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் பின்னிக்கொண்டு திடப்பொருளாகிறது. பாதி பயன்படுத்திய எனாமல் டப்பாவைச் சில மாதம் கழித்துத் திறந்தால், மேலே தடித்த தோல் படிந்திருக்கும், அதைக் கிழித்தால் கீழே பெயின்ட் நீர்மமாகவே இருக்கும். காற்றுப் பட்ட இடம் மட்டும் இறுகியிருக்கிறது. எல்லா எண்ணெய்க்கும் இந்தக் குணம் கிடையாது. ஆளிவிதை, வால்நட், கசகசா எண்ணெய்கள் இறுகும். நல்லெண்ணெய் ஓரளவோடு நின்றுவிடும். தேங்காய் எண்ணெயில் நிறமியைக் குழைத்துப் பூசினால் அது என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும்.

4. கல்லாக மாறுவது. நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அதாவது சுண்ணாம்புக்கல்லாகத் திரும்புகிறது. சிமென்ட் பெயின்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது.

இரண்டு டப்பாக்களாக விற்கும் எபாக்சி, பாலியூரித்தேன் வகைகள் தனி. இரண்டையும் கலந்த பிறகே வினை தொடங்கும். தொழிற்சாலைத் தரை, வாகனம், விலையுயர்ந்த மரச்சாமான் போன்றவற்றுக்கு உரியவை.

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தபின் ஒரு நிறம்

கொத்தனார் சுண்ணாம்பு அடிக்கும்போது சுவர் அப்படியே தெரியும். வெள்ளையே ஏறவில்லை என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். மறுநாள் காலையில் அதே சுவர் பளிச்சென்று வெளுத்திருக்கும். அக்ரிலிக்கில் வரைகிறவருக்கு நேர்மாறான அனுபவம்: ஈரத்தில் சரியாக இருந்த நிறம் காய்ந்தபின் ஒரு படி கருத்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே விதிதான் காரணம்.

ஒரு பொருள் வெள்ளையாகத் தெரிவது அது ஒளியைச் சிதறடிப்பதால். இரண்டு பொருள்கள் ஒளியை வளைக்கும் திறனில் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவற்றின் எல்லையில் அவ்வளவு சிதறல். இந்தத் திறனைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, எண்ணெய்க்கு ஏறக்குறைய 1.5, சுண்ணாம்புக்கல் மாவுக்கு 1.6. ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்புத் துகள்களைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. வேறுபாடு குறைவு, ஒளி ஊடுருவிப் போகிறது. காய்ந்ததும் தண்ணீரின் இடத்தில் காற்று வருகிறது. வேறுபாடு கூடுகிறது, சுவர் வெளுக்கிறது. மலிவான டிஸ்டெம்பர் சுவர் மழையில் நனைந்ததும் திட்டுத் திட்டாகக் கருப்பதும் இதனால்தான்.

அக்ரிலிக்கில், ஈரத்தின்போது தண்ணீரில் மிதக்கும் பிளாஸ்டிக் உருண்டைகளே ஒளியைச் சிதறடித்துக் கலவைக்கு ஒரு வெண்மையைத் தருகின்றன. காய்ந்து ஒரே படலமானதும் அந்த எல்லைகள் மறைகின்றன. வெண்மை விலக, நிறம் ஆழமாகிறது. எனவே சுவரானாலும் கேன்வாஸானாலும் ஒரு ஓரத்தில் பூசிப் பார்த்து, முழுக்கக் காய்ந்தபின் நிறத்தை முடிவு செய்வதே சரி.

ரூடைல் வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 2.7. எண்ணெயில் மூழ்கினாலும் பிளாஸ்டிக்கில் மூழ்கினாலும் வேறுபாடு பெரிதாகவே இருப்பதால், கீழே உள்ளதை மூடி மறைக்கிறது. இரண்டு கை அடித்தாலே பழைய நிறம் தெரியாமல் போவதற்கு இந்த வெள்ளைத் தூள்தான் காரணம். இதன் மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் கிடைக்கிறது. கேரளத்தின் சவறையில் அதிலிருந்து நிறமியும் தயாராகிறது. பெயின்டில் விலை கூடிய பொருள்களில் இதுவும் ஒன்று. மலிவான பெயின்டில் முதலில் குறைக்கப்படுபவை இதுவும் பசையும்தான், ஈடுகட்ட நிரப்பி கூடும். இரண்டு டப்பாக்களின் விலை வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குள் அடங்கிவிடும்.

வீட்டுச் சுவருக்கு

சுண்ணாம்பு. மலிவு என்பதால் இதை ஏழை வீட்டுப் பூச்சாக ஒதுக்கிவிட்டோம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் இதற்கு இணையானது குறைவு. கடும் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் ஏறாது. மிக முக்கியமாக, நீராவி இதன் வழியே தாராளமாக வெளியேறும். கோயில் மதில்களில் சுண்ணாம்பையும் காவியையும் பட்டை பட்டையாக அடிக்கிறார்கள்; இரும்பு ஆக்சைடு சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும், அல்ட்ராமரினும் தாங்கும். பிரஷ்யன் நீலம் போன்றவை காரத்தில் சிதைந்துவிடும் என்பதால், கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் சுண்ணாம்பில் கலக்க முடியாது.

செட்டிநாட்டு வீடுகள் போன்ற பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடங்களைப் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய சுவர்களில் நிலத்து ஈரம் மேலேறும். இதையே ஓதம் என்கிறோம். சுண்ணாம்புப் பூச்சின் வழியே அந்த ஈரம் நாள்தோறும் வெளியேறிவிடுவதால் சுவர் நூறாண்டு தாங்குகிறது. அதன் மேல் பளபளப்பான பிளாஸ்டிக் எமல்ஷனையோ எனாமலையோ அடித்தால் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் படலத்துக்குப் பின்னால் தேங்குகிறது. அதோடு வந்த உப்பு அங்கேயே படிகமாகி விரிந்து காரையைப் பொடியாக்குகிறது. பெயின்ட் கொப்புளித்து உரியும்போது காரையும் சேர்ந்து உதிரும். உடனே கட்டடம் பழசாகிவிட்டது என்று இன்னொரு கோட் அடிக்கிறார்கள், நோய் இன்னும் முற்றுகிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும்.

டிஸ்டெம்பர். சுண்ணாம்புக்கல் மாவும் சிறிது பசையும் சேர்ந்தது. இன்று டப்பாக்களில் வரும் அக்ரிலிக் டிஸ்டெம்பர் கொஞ்சம் மேம்பட்டது, ஆனாலும் உட்சுவருக்கு மட்டும்தான். வாடகை வீட்டுக்கும், அதிகம் கை படாத உள்கூரைக்கும் போதும்.

சிமென்ட் பெயின்ட். ஸ்னோசெம் என்ற ஒரு பிராண்டின் பெயரிலேயே பலரும் இதைக் கேட்டு வாங்குகிறார்கள். வெள்ளைச் சிமென்ட்டை அடிப்படையாகக் கொண்ட தூள். சுவரை நனைத்துவிட்டு அடித்து, பிறகும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் வெயிலில் விட்டால் இறுகுவதற்குத் தண்ணீர் இல்லாமல் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும்.

எமல்ஷன். பேச்சில் பிளாஸ்டிக் பெயின்ட். உட்புறம், வெளிப்புறம் என்ற பிரிவு விற்பனைத் தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படியல்ல. வெளிப்புற வகையில் பசை விகிதம் கூடுதல். அந்தப் பசையும் புற ஊதாக் கதிரையும் சிமென்ட்டின் காரத்தையும் தாங்கும் அக்ரிலிக்காக இருக்கும். பூஞ்சைக்கொல்லியும் அதிகம். வினைல் அசிட்டேட் கலந்த மலிவான உட்புற எமல்ஷனை வெளிச்சுவரில் அடித்தால் ஈரமும் காரமும் சேர்ந்து அந்தப் பசையைச் சிதைக்கும், சில ஆண்டில் கையில் வெள்ளைத் தூள் ஒட்டத் தொடங்கும். மாறாக, பூஞ்சைக்கொல்லி மிகுந்த வெளிப்புறப் பெயின்டைப் படுக்கையறையில் அடிப்பதும் தேவையற்றது.

எனாமல். கடையில் ஆயில் பெயின்ட் என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். தாவர எண்ணெயோடு வேதிமுறையில் இணைத்த ஆல்கிட் என்ற பிசின் இதன் பசை. கதவு, சன்னல், கிரில் கம்பிக்கு ஏற்றது, கடினமானது, துடைக்கலாம். ஆனால் மூன்று இடங்களில் இது தோற்கும்.

1. புதிய சிமென்ட் பூச்சு. சிமென்ட்டின் காரமும் எனாமலின் எண்ணெயும் சேர்ந்தால் என்ன ஆகும்? எண்ணெயும் காரமும் சேர்த்துத்தான் சோப்பு செய்கிறார்கள். அதுவே சுவரிலும் நடக்கிறது. படலத்தின் அடிப்பக்கம் சோப்பாகிப் பிசுபிசுத்து, பிடிப்பை இழந்து, விரலால் இழுத்தாலே பட்டை பட்டையாக வரும். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துடைப்பதற்கு வசதியாகச் சுவரின் கீழ்ப்பாதிக்கு எனாமல் அடிப்பதுண்டு. பூச்சு காயுமுன் அவசரப்பட்டு அடித்த இடங்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். குறைந்தது 28 நாள் பதப்படுத்தி, நன்றாக உலரவிட்டு, காரத்தைத் தாங்கும் பிரைமர் (அடிப்பூச்சு) அடித்த பிறகே எந்தப் பூச்சும்.

2. துத்தநாகம் பூசிய தகடு. ஜி.ஐ. தகட்டுக் கேட்டில் நேரடியாக எனாமல் அடித்தால், துத்தநாகமும் எண்ணெயும் வினைபுரிந்து இதேபோன்ற உலோகச் சோப்பு உருவாகி, பெயின்ட் உரிந்து வரும். இதற்கென்று தனிப் பிரைமர் இருக்கிறது.

3. வெளிச்சம் படாத வெள்ளை. அலமாரியின் உட்பக்கம், பூட்டிய அறையின் கதவு போன்ற இடங்களில் வெள்ளை எனாமல் மஞ்சளாகும். எண்ணெய்ப் பிசின் இருட்டில் மஞ்சளாகும் இயல்புடையது. வெள்ளை வெள்ளையாகவே இருக்க வேண்டுமென்றால் தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமலை வாங்கலாம்.

ஓவியரின் மேசையில்

வாட்டர் கலரின் பசை அக்கேசியா வகை மரத்தின் பிசின். படலம் மிக மெல்லியது, ஒளி நிறத்தை ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்புகிறது. அதன் துலக்கம் தாளின் வெண்மையிலிருந்து வருகிறது. நல்ல தாளில்லாமல் நல்ல வாட்டர் கலர் இல்லை. போஸ்டர் கலரில் நிறமியும் நிரப்பியும் அதிகம், மூடி மறைக்கும், பொடித்தன்மை இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது போதும். ஆனால் அகல் விளக்கிலும் மண்பானையிலும் இதைப் பூசி வெளியே வைத்தால் முதல் மழையிலேயே கரைந்துவிடும். தஞ்சாவூர் ஓவியத்தில் நகைகளும் வளைவுகளும் புடைத்துத் தெரிவதற்காக இடும் 'மக்கு' என்பதும் இந்தக் குடும்பம்தான். வெள்ளை மாவும் பிசினும் சேர்ந்த குழம்பு. ஈரம் இதற்கு ஆகாது என்பதால் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள்.

ஆயில் கலர் வேறு உலகம். மெதுவாக இறுகுவதே அதன் வலிமை. இரண்டு நிறங்களை மணிக்கணக்கில் ஒன்றுக்குள் ஒன்றாக இழைக்கலாம். ராஜா ரவிவர்மா (1848–1906) பட்டுச் சேலையின் மினுமினுப்பையும் தோலின் மென்மையையும் கொண்டுவர முடிந்ததில் இந்த ஊடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் உலோக டியூபுக்குக் காப்புரிமை பெறும்வரை, ஓவியர்கள் நிறமியை அரைத்துப் பன்றியின் சிறுநீர்ப்பைகளில் கட்டி வைத்தார்கள். காற்றுப் பட்டால் இறுகும் பொருளை எப்படிச் சேமிப்பது என்பதுதான் அன்றைய சிக்கல்.

இந்த மெதுவான இறுகலிலிருந்து இரண்டு விதிகள் பிறக்கின்றன. கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேலடுக்கு முதலில் இறுகி, கீழே இன்னும் அசைந்துகொண்டிருக்கும் அடுக்கின் மேல் வெடிக்கும். இரண்டாவது, தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும் என்றாலும், வார்னிஷ் பூச ஆறு மாதம் முதல் ஓராண்டு காத்திருப்பது மரபு. ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையும் உண்டு: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. ஆக்சிஜனை ஏற்கும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அது தேங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்து உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் கலர் 1950களில்தான் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. விரைவில் காயும், மஞ்சளாகாது, வளைந்தாலும் வெடிக்காது. குறை என்னவென்றால், இது எப்போதும் சற்று மென்மையான பிளாஸ்டிக். நம் ஊர்க் கோடை வெப்பத்தில் இளகி, முகத்தோடு முகம் அடுக்கிய கேன்வாஸ்கள் ஒட்டிக்கொள்ளும், தூசியும் படியும்.

டியூப் வாங்கும்போது கவர்ச்சியான பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்திலுள்ள நிறமிக் குறியீட்டைப் பார்க்க வேண்டும். அல்ட்ராமரினுக்குப் பி.பி. 29, டைட்டானியம் வெள்ளைக்குப் பி.டபிள்யூ. 6 என்பது உலகம் முழுவதும் ஒன்றே. மாணவர் தர டியூபில் 'ஹியூ' என்று இருந்தால், அசல் நிறமிக்குப் பதில் அதன் நிறத்தை ஒத்த வேறு நிறமி இருக்கிறது என்று பொருள். ஒளியில் எவ்வளவு காலம் வெளிறாமல் இருக்கும் என்ற தரமும் நல்ல டியூபில் அச்சாகியிருக்கும். விற்பதற்கு வரைபவர் இதைப் பார்க்காமல் வாங்குவது, வாங்குபவருக்குச் செய்யும் அநீதி.

மிகப் பழமையான இன்னொரு முறை ஈரச் சுதை ஓவியம். ஈரமான சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிறமியை வைத்தால், சுண்ணாம்பு இறுகும்போது நிறமி அதற்குள் சிறைப்பட்டுச் சுவரின் பகுதியாகவே ஆகிவிடும். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவிய அடுக்குக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி 1931இல் கண்டறிந்தார். அவ்வளவு காலம் மூடிக் கிடந்தும் அவை மிஞ்சியதற்குச் சுண்ணாம்பும் கனிம நிறமிகளும் முக்கியக் காரணங்கள்.

ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யுமா?

1. சுவர் எமல்ஷனில் கேன்வாஸ் ஓவியம். பயிற்சிக்குத் தாராளமாகச் செய்யலாம். நிலைக்க வேண்டிய படைப்புக்கு வேண்டாம். உட்புற மேட் எமல்ஷனில் நிரப்பி மிகுதி. கேன்வாஸைச் சுருட்டினால் வெடிக்கும். கடை இயந்திரத்தில் கலக்கும் நிறங்கள் சில ஆண்டுக்கொருமுறை மாற்றிப் பூசும் சுவருக்காகத் தேர்ந்தவை.

2. ஓவிய அக்ரிலிக்கில் சுவரோவியம். ஒட்டும், நிற்கும், செலவுதான் கட்டுப்படியாகாது. சென்னை கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் உள்ளவைபோன்ற பெரிய ஓவியங்களுக்கு வெளிப்புற எமல்ஷனே பொருத்தம். வெயிலையும் மழையையும் தாங்க உருவாக்கப்பட்டது அதுதான்.

3. எனாமலில் ஓவியம். முன்னுதாரணம் உண்டு. பிக்காசோ ரிப்போலின் என்ற வீட்டு எனாமலைப் பயன்படுத்தினார். அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகத்தில் நடந்த எக்ஸ்ரே ஆய்வு 2013இல் அதை உறுதிசெய்தது. அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் கேன்வாஸைத் தரையில் விரித்து எனாமலைச் சொட்டவிட்டு வரைந்தார். எனாமல் ஒழுகும் தன்மையே அவருக்குத் தேவைப்பட்டது. நாளடைவில் மஞ்சளாகும், விறைக்கும் என்பதை ஏற்றுக்கொண்டால் யாரும் செய்யலாம்.

4. ஆயில் கலரில் சுவர். வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன சோப்பு வினை இதற்கும் பொருந்தும்.

எதன் மேல் எது

புதிதாக அடிப்பதைவிடப் பழையதன் மேல் அடிப்பதில்தான் தவறுகள் அதிகம்.

1. அக்ரிலிக்கின் மேல் ஆயில் கலர் பூசலாம். ஆயில் கலரின் மேல் அக்ரிலிக் ஒட்டாது, பட்டையாக உரியும். வீட்டிலும் அதே கதை: பழைய எனாமலின் மேல் எமல்ஷனை நேரடியாக அடித்தால் நகத்தால் கீறினாலே வரும். உப்புத்தாள் கொண்டு நன்றாகத் தேய்த்துப் பளபளப்பைப் போக்கி, பிரைமர் அடித்த பிறகே அடிக்க வேண்டும்.

2. உதிரும் சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் மேல் எதுவும் நிற்காது. புதிய எமல்ஷன் காயும்போது சுருங்கி இழுக்கும். பிடிமானமில்லாத பொடியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு உரியும். சுரண்டிக் கழுவுவது தவிர வேறு வழியில்லை.

3. ஓதம் இருக்கும் சுவரில் பட்டி பார்த்து மூடுவது பயனற்றது. ஈரம் வரும் வழியை முதலில் கண்டுபிடித்து அடைக்க வேண்டும்.

சுவரில் முன்பு அடித்தது எதுவென்று தெரியாவிட்டால் எளிய சோதனை இருக்கிறது. ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்து வெள்ளையாக வந்தால் சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். வராவிட்டால், பஞ்சை ஆல்கஹால் வகை ஸ்பிரிட்டில் நனைத்து ஒரு மூலையில் அரை நிமிடம் தேய்க்க வேண்டும். பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் எமல்ஷன். அசையாமல் பளபளவென்று நின்றால் எனாமல்.

பழைய பெயின்டில் ஈயம்

மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயச் சேர்மங்கள் நெடுங்காலம் நிறமியாகவும் உலர்த்தியாகவும் இருந்தன. இரும்புக்கு அடிக்கும் முதல் கோட்டாகச் செவ்வீயமும் புழக்கத்தில் இருந்தது. இன்றைய ரெட் ஆக்சைடு பிரைமர் வேறு, அதில் நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. வீட்டு உபயோகப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இந்த வரம்பு வீட்டு, அலங்காரப் பெயின்டுகளுக்கானது. எனவே தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான பெயின்டைத் தொட்டிலுக்கோ விளையாட்டுப் பொருளுக்கோ அடிக்கக் கூடாது.

அதற்கு முன் அடித்த கதவுகளும் கம்பிகளும் லட்சக்கணக்கான வீடுகளில் இன்னும் இருக்கின்றன. உரியாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. புதுப்பிக்கும் வேலை தொடங்கும்போதுதான் கவனம் தேவை. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் ஈயம் தூசியாகப் பறக்கும், ஊதுவிளக்கால் சுட்டு உரித்தால் புகையாக மூச்சில் ஏறும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கிறது, அந்தப் பாதிப்பு திரும்பச் சரியாவதில்லை. ஆகவே பழைய எனாமலைத் தண்ணீர் தெளித்துத் தேய்க்க வேண்டும், வேலை செய்பவர் நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் அணிய வேண்டும், குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் வேலை முடியும்வரை வேறிடத்தில் இருக்க வேண்டும். தரையில் விழுந்ததைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியையும் சுரண்டிய துகள்களையும் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.